வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா?

(பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் நம் சங்கம் நடத்திய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாமல் போனவர்கள் கேட்டுக்கொண்டதால் செய்தி மடலில் வெளியாகிறது.)



தலைப்பைப் பார்த்துவிட்டு, கல்லூரிப் பேராசிரியர் யாரோ பேசப் போகிறார் என்று நினைத்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் முன்னால் நிற்பவன் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவன். வரலாறு, இலக்கியம், தத்துவம், சமூகவியல் எதையும் நான் பட்டப் பாடமாகப் படித்ததில்லை. அதனால் என் கட்சிக்கு ஆள் சேர்க்க வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்தது வரவும் செலவும். இந்தக் கஷ்ட காலத்தில் கலைப் பாடங்களைப் படிப்பது லாபமா நஷ்டமா என்று ஒரு எழுத்தர் பேரேட்டைத் திறந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இந்தப் பேச்சும் இருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிலின் கருவிகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. மனிதர்களையும் மொழியையும் பழைய சங்கதிகளையும் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் காலாவதி ஆவதில்லை. கையில் காசு குறைவாக இருக்கும் வீட்டுக்கு, குறைந்த செலவில் கிடைக்கும் இந்தப் படிப்பு வீண் செலவு ஆகாது. ஆனால் அதைப் படிக்கிற விதமாகப் படிக்க வேண்டும். இனி இதற்கான கணக்கைச் சொல்கிறேன்.

பயத்தில் இருந்து ஆரம்பிப்போம். பெற்றோரின் பயம் பொய்யான பயம் இல்லை. எங்கள் தலைமுறையில் ஓசூர் சிப்காட்டில் நிரந்தர வேலை என்றால் பெண் வீட்டார் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். இன்று அதே கேட்டுக்குள் போகிறவர்களில் நிரந்தரம், ஒப்பந்தம், ட்ரெய்னி, அப்ரண்டிஸ் என்று பல ரகம். ஆர்டர் குறைந்தால் முதலில் ஷிப்டு குறைகிறது, அப்புறம் ஆள் குறைகிறது. கம்பெனி மட்டுமா? நம் ராயக்கோட்டை தக்காளி மண்டியைப் பாருங்கள். ஒரு மாதம் பெட்டிக்கு நல்ல விலை. அடுத்த மாதம் பறிக்கிற கூலிக்குக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணோ பையனோ வந்து "நான் பி.ஏ. வரலாறு படிக்கிறேன்" என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும்.

நம் வளாகத்திலேயே அப்படி ஒரு வீடு இருக்கிறது. அந்தத் தகப்பனாரின் அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஷிப்டு முடிந்து வந்தவர் நேராக என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், நீங்க பேங்க்ல இருந்தவரு. நீங்க சொன்னா என் பொண்ணு கேப்பா. வரலாறு படிச்சா சோறு கிடைக்குமான்னு நீங்களே கேளுங்க சார்" என்றார். அந்தக் கேள்வியைத்தான் இன்றைய பேச்சுக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு உடனே பதில் சொல்லாமல், தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். அவர் யோசித்து வைத்திருந்தது ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. கல்விக் கடன் நான்கு லட்சம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள். வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பதுதான் வழக்கமான விதி. ஆனால் வட்டி சும்மா இருக்காது. முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, இரண்டாவதுக்கு நான்கு, மூன்றாவதுக்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு ஆண்டு. சாதாரண வட்டியாகவே போட்டாலும் 1,40,000 ரூபாய் ஏறிவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதம் சுமார் 7,100 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது எட்டரை லட்சத்தைத் தொடும்.

பொறியியல் படிக்காதீர்கள் என்று சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. அந்தப் படிப்பில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு, நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால், இந்தக் கடன் தாங்கக்கூடியதுதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. விருப்பம் இல்லாத பிள்ளையை, பெயர் தெரியாத கல்லூரியில், அப்பாவின் நிம்மதிக்காகச் சேர்க்கும்போது, அந்த மாதம் 7,100 ரூபாயை யார் கட்டப் போகிறார்கள்? தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கலந்தாய்வு முடிந்த பிறகும் பல கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடப்பதை ஒவ்வொரு ஆண்டும் செய்தித்தாளில் படிக்கிறோம். பட்டம் கிடைப்பது சுலபம். அதை வைத்துக் கடனை அடைப்பதுதான் கடினம்.

மறுபக்கம் எழுதினேன். கிருஷ்ணகிரியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஓசூரிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கட்டணம் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும். கடன் தேவையில்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் இருந்து அதே ஆயிரம். மூன்று ஆண்டில் பட்டம். இருபது, இருபத்தொரு வயதில் ஒரு ரூபாய் கடன் இல்லாமல் பிள்ளை வெளியே வருகிறது. கடன் இல்லாத பட்டதாரியால் பிடிக்காத வேலையை மறுக்க முடியும், தேர்வுக்குப் படிக்க ஓராண்டு எடுத்துக்கொள்ள முடியும். கஷ்ட காலத்தில் அதுவும் ஒரு சொத்துதான்.

"சரி சார், செலவு கம்மி. வரவு?" என்றார் அவர். நியாயமான கேள்வி. வரவுப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வேலையில் இருந்தே தொடங்குகிறேன்.

நான் கல்லூரியில் படித்த பாடத்தில் பாதி, பேரேடு எழுதுவது. வங்கியில் சேர்ந்தபோது அதுவே வேலை. பெரிய பெரிய லெட்ஜர், பித்தளை டோக்கன், மாலையில் கணக்கு நேராகும் வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஐந்து பைசா இடித்தாலும் இரவு ஒன்பது மணி ஆகிவிடும். 1984-இல் ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்தது. வங்கிகளில் கம்ப்யூட்டர் நுழைய அதுதான் வாசல். முதலில் லெட்ஜர் போஸ்டிங் இயந்திரம் வந்தது, பிறகு கிளை முழுவதும் கம்ப்யூட்டர், 2000-க்குப் பிறகு கோர் பேங்கிங். நான் பட்டம் வாங்கிய வித்தையை இயந்திரம் என்னைவிட வேகமாக, தப்பில்லாமல் செய்தது. எங்கள் கூட்டுத்தொகைக்கு மதிப்பு போய்விட்டது.

அப்புறமும் எங்களுக்கு வேலை இருந்தது எப்படி? ஒரு பாட்டியம்மா வருவார். ஐந்து ஆண்டு டெபாசிட்டைப் பாதியில் முடித்துப் பணம் முழுவதையும் ரொக்கமாகக் கேட்பார். முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு வட்டி குறையும் என்று கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடும். பாட்டி ஏன் கேட்கிறார், கூடவே வந்து தூண் ஓரமாக நிற்கும் அந்த ஆள் யார், பாட்டி ஏன் அவரைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. அதை ஒரு மனிதன்தான் கவனித்து, அவரைத் தனியாக உட்காரவைத்து, அவருக்குப் பழக்கமான தெலுங்கில் விசாரிக்க வேண்டும்.

எங்கள் கிளையில் பி.ஏ. தமிழ் படித்த சக ஊழியர் ஒருவர் இருந்தார். சேர்ந்த புதிதில் அவருக்கு டெபிட் எது, கிரெடிட் எது என்பதே தகராறு. ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டார். ஆனால் அவர் செய்ததை எங்களில் ஒருவராலும் ஆறு வருடத்திலும் கற்றுக்கொள்ள முடியவில்லை. கடன் பாக்கிக்காரர்களுக்கு நாங்கள் அனுப்பிய நோட்டீஸ் அச்சடித்த ஆபீஸ் மொழியில் இருக்கும். வாங்கியவர் அதைப் படித்து முடிப்பதற்குள் கோபமோ பயமோ வந்துவிடும், பணம் மட்டும் வராது. இவர் கையால் எழுதிய கடிதத்தில் எவ்வளவு பாக்கி, எப்படிப் பிரித்துக் கட்டலாம், எந்தத் தேதியில் யாரை வந்து பார்க்கலாம் என்பதெல்லாம் மரியாதையான தமிழில் இருக்கும். விவசாயிகள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளைக்கு வருவார்கள். மேலாளரே சொல்வார், "வசூல் கடிதம் எல்லாம் அவரிடமே கொடுங்கள்" என்று. கணக்கை நாங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. அவருடைய வித்தையை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவரால் முடியவில்லை. அது இளவயதில் நிறையப் படித்ததால் வருவது.

இது ஒரு வங்கிக் கிளையின் கதை. நம் ஊர் வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது. பால்கனியில் நின்றால் தெரிகிற நம் ராயக்கோட்டை மலைக்கோட்டையை 1791 ஜூலையில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, மேஜர் கௌடியின் படை பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி திப்பு சுல்தானிடம் இருந்து கும்பினியார் கைக்கு வந்தது. போரில் நொந்த சீமை. வரி வசூலிக்க வேண்டும். யாரை அனுப்புவது? சென்னையில் கும்பினியின் சிவில் அதிகாரிகள் இருந்தார்கள். ஆனால் உள்ளூர் மொழியும் வழக்கமும் அவர்களுக்குத் தெரியாது என்பதால், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அவர்களை விட்டுவிட்டு, மொழி தெரிந்த ராணுவ அதிகாரிகளை நியமித்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் தாமஸ் மன்றோ, கிரஹாம், மக்லியாட் ஆகியோர் வந்தார்கள். மன்றோ இங்கே 1792 முதல் 1799 வரை இருந்து, ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பேசினார். இடைத்தரகர் இல்லாமல் ரயத்திடமே நேராக வரியைத் தீர்மானிக்கும் ரயத்துவாரி முறை, இங்கே இவர்கள் செய்த வேலையில் இருந்து வளர்ந்ததுதான். அதே மன்றோ 1820-இல் சென்னை மாகாண கவர்னர் ஆனார்.

கும்பினியார் வரி வாங்கத்தான் வந்தார்கள், தர்மம் செய்ய வரவில்லை. அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லாபத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒரு வியாபாரக் கம்பெனி, பணத் தட்டுப்பாட்டுக் காலத்தில், எந்தத் தகுதிக்கு முன்னுரிமை கொடுத்தது? மக்களின் மொழியைப் புரிந்துகொள்ளும் தகுதிக்கு.

இது பழங்காலத்துச் சங்கதி என்று தோன்றினால் ஓசூர் வரை வாருங்கள். டைட்டன் தொழிற்சாலை தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. அப்போது இந்தியாவில் வாட்ச் என்றால் எச்.எம்.டி. தான். டைட்டன் குவார்ட்ஸ் வாட்சில் இறங்கியது. அந்தத் தொழில்நுட்பத்தை வெளிநாட்டில் இருந்து பெற முடிந்தது. பெற முடியாத ஒன்று, இந்த நாட்டில் ஒருவர் ஏன் வாட்ச் வாங்குகிறார் என்ற அறிவு. மணி பார்க்க மட்டும் வாங்குவதில்லை, தங்கைக்குப் பரிசாகக் கொடுக்கவும் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளவும் வாங்குகிறார் என்று புரிந்துகொண்டு, வாட்சை ஒரு நகையைப் போல, பரிசுப் பொருளைப் போல விற்றார்கள். டிவி விளம்பரத்துக்கு மோட்சார்ட் என்ற ஐரோப்பிய இசை மேதையின் 25-ஆம் சிம்பொனியில் இருந்து இசையை எடுத்தார்கள். இன்றைக்கும் அந்த இசை கேட்டால் நமக்கு டைட்டன் ஞாபகம் வருகிறது. அந்தக் கம்பெனியின் முதல் நிர்வாக இயக்குநர் செர்க்ஸஸ் தேசாய். மும்பை எல்ஃபின்ஸ்டன் கல்லூரியிலும் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர், பொறியாளர் அல்லர். பொறியாளர்கள் இல்லாமல் அந்தத் தொழிற்சாலை ஒரு நாளும் ஓடியிருக்காது. ஆனால் இவரைப் போன்றவர்கள் இல்லாமல் அந்த வாட்ச் இத்தனை வீடுகளுக்குள் வந்திருக்குமா?

தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஜப்பானிலும் இந்த விவாதம் வந்தது. 2015 ஜூனில் அந்த நாட்டின் கல்வி அமைச்சகம் தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. கலை, சமூக அறிவியல் துறைகளை மூடவோ, சமூகத்துக்கு அதிகம் தேவைப்படும் துறைகளாக மாற்றவோ பரிசீலியுங்கள் என்பது அதன் சாரம். பேராசிரியர்கள் எதிர்த்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பாராத எதிர்ப்பு கெய்தான்ரன் என்ற தொழிலதிபர்கள் கூட்டமைப்பிடம் இருந்து வந்தது. பெரிய பெரிய உற்பத்திக் கம்பெனிகள் எல்லாம் அதில் உறுப்பினர். அதே ஆண்டு செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், உடனடியாகப் பயன்படும் ஆட்களை மட்டும் நாங்கள் கேட்கவில்லை, அறிவியலும் கலைப் பாடங்களும் கலந்து சிந்திக்கத் தெரிந்தவர்களைத்தான் கேட்கிறோம் என்ற பொருளில் சொன்னார்கள்.

இரும்பும் வரலாறும் சேர்ந்த ஒரு உதாரணத்தை நம் மாவட்டத்தில் இருந்தே சொல்கிறேன். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை என்ற இடம் இருக்கிறது. அங்கே 2003-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தார். 2021-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. அங்கே கிடைத்த மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் ஒன்றின் காலம் கி.மு. 2172 என்று வந்தது. அதாவது நாலாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்கள் இரும்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2022 மே மாதம் முதலமைச்சர் இதைச் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த முடிவுகள் இந்தக் காலத்தை இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னால் கொண்டுபோயின.

காலத்தைக் கணித்தது அறிவியல் ஆய்வகம், சந்தேகமில்லை. ஆனால் எந்த மேட்டில் தோண்ட வேண்டும், எந்த மண் அடுக்கில் இருந்து கரியை எடுக்க வேண்டும், பக்கத்தில் கிடந்த பானை ஓடு எந்தக் காலத்து வகை என்று தீர்மானித்தவர்கள் வரலாறும் தொல்லியலும் படித்தவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்பவே எதுவும் இருந்திருக்காது. நாம் தினமும் இரும்பை வெட்டியும் வளைத்தும் பிழைக்கிற ஊர்க்காரர்கள். இந்த மண்ணில் அந்தத் தொழிலுக்கு எவ்வளவு வயது என்று நமக்குச் சொன்னது வரலாற்றுப் படிப்பு.

அந்தத் தகப்பனார் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "பெருமை சரிங்க சார், என் பொண்ணுக்கு வேலை?" என்றார். நானும் விடவில்லை, அதே தாளில் எழுதிக் காட்டினேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். பாடத்திட்டத்தில் இந்திய வரலாறு, அரசியலமைப்பு, புவியியல், பொருளாதாரம், தமிழ்நாட்டின் வரலாறு, பண்பாடு, சமூக இயக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும். மற்றவர்கள் பட்டம் வாங்கிய பிறகு கோச்சிங் சென்டரில் பணம் கட்டிப் படிப்பதில் பெரும் பகுதியை, பி.ஏ. மாணவர் கல்லூரியிலேயே படித்துவிடுகிறார். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்விலும் கட்டுரைத் தாள் உண்டு, வரலாறும் சமூகமும் ஒரு பொதுத் தாள், அறநெறிக்கு ஒரு தனித் தாள். பொறியியல் படித்தவர்களே பலர் சமூகவியல், மானுடவியல், தமிழ் இலக்கியம் என்று விருப்பப் பாடம் எடுத்துப் புதிதாகப் படித்து எழுதுகிறார்கள். என் பழைய வேலையான வங்கி எழுத்தர் பணிக்கும் எந்தப் பட்டமும் ஏற்கப்படுகிறது. ஆனால் அந்த மாநில மொழியைப் படிக்க, எழுத, பேசத் தெரியுமா என்று சோதிப்பார்கள். பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலை, மூன்று ஆண்டு சட்டப் படிப்பு, சமூகப் பணியில் முதுகலை, தொல்லியலும் கல்வெட்டியலும் சேர்ந்த இரண்டு ஆண்டுப் பட்டயம் என்று மேலே போகப் பாதைகள் இருக்கின்றன.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அரசுத் தேர்வில் லட்சக்கணக்கானோர் எழுதிச் சில ஆயிரம் பேர்தான் தேறுகிறார்கள். "வேறு எதுவும் கிடைக்கவில்லை, அதனால் இது" என்று சேர்ந்து, மூன்று ஆண்டும் நோட்ஸ் மட்டும் மனப்பாடம் செய்தால் அந்தப் பட்டத்தாலும் பயன் இல்லை. கலைப் படிப்பின் சரக்கு வினாவிடைப் புத்தகத்தில் இல்லை. பெரிய புத்தகம் ஒன்றைக் கடைசிப் பக்கம் வரை படிப்பதும், ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் யாரை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடுவதும், அதைத் தெளிவாக நாலு பக்கம் எழுதுவதும்தான் அந்தச் சரக்கு. இதை எந்த ஆசிரியரும் ஊட்டிவிட முடியாது.

அதனால் அந்தப் பெண்ணிடம் நான் மூன்று நிபந்தனை போட்டேன். முதலாவது, மாதம் ஒரு புத்தகம் படித்து, அதைப் பற்றி இரண்டு பக்கம் தமிழிலும் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். இரண்டாவது, எக்செல்லும் அடிப்படைக் கணக்கும் பழக வேண்டும். அதற்குச் சனிக்கிழமைகளில் நானே ஆசிரியர், சம்பளம் ஒரு டம்ளர் காபி. மூன்றாவது, கன்னடமோ தெலுங்கோ இன்னொரு மொழி எழுதப் படிக்கக் கற்க வேண்டும். எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு அது தெருவிலேயே கிடைக்கிறது. மண்டிக்குப் போனால் மூன்று மொழியிலும் பேரம் நடக்கும். பேசத் தெரிந்த மொழிக்கு எழுத்தும் தெரிந்தால் பெங்களூரு வரை கதவு திறக்கும்.

மூன்றுக்கும் அவள் சம்மதித்தாள். அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பொறியியல் கலந்தாய்வுக்கும் போட்டிருக்கிறார்கள். அப்பா இன்னும் முழு மனதாக இல்லை. "மூணு வருஷம் கழிச்சு உங்களைத்தான் கேப்பேன் சார்" என்றார். கேட்கட்டும், அது அவர் உரிமை.

பொறியியலும் மருத்துவமும் வணிகவியலும் எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கும் இந்தப் பேச்சு உண்டு. உங்கள் பாடத்தை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பழக்கம் உங்களுக்கும் வேண்டும். ஏன் என்று ஒரு உதாரணம். இப்போது 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பலைப் பற்றிக் கேள்விப்படுகிறீர்கள். போலீஸ் சீருடையில் ஒருவன் வீடியோ அழைப்பில் வந்து, முத்திரை போட்ட கடிதம் காட்டி, கணக்கில் உள்ள பணத்தையெல்லாம் மாற்றச் சொல்கிறான். நன்றாகப் படித்தவர்களும், பெரிய வேலையில் இருந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். வரலாற்று மாணவருக்கு முதல் பாடமே ஆவணத்தைச் சந்தேகிப்பது. இதை எழுதியது யார், எந்த அதிகாரத்தில் எழுதினார், இதனால் யாருக்கு லாபம், வேறு சாட்சி உண்டா? இந்த நாலு கேள்வியை நிதானமாகக் கேட்கிறவரிடம் அந்தக் கும்பலின் வேலை நடக்காது. நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இதை வங்கிக்காரனாகவும் சொல்கிறேன்.

கடைசியாகச் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். சமுதாயக் கூடத்தில் பழைய நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கும் மூலையில் ஒரு புத்தக அலமாரிக்கு இடம் வேண்டும். புத்தகங்களை வீட்டுக்கு இரண்டு வீதம் நாமே சேர்த்துக்கொள்ளலாம். பதிவேடு எழுத ஆள் தேட வேண்டாம், லெட்ஜர் எழுதி நாளாகிவிட்டது, எனக்குக் கை அரிக்கிறது.

இரண்டாவது, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை மாலுக்கு அழைத்துப் போவதற்குப் பதிலாக ஒரு வேன் பிடிப்போம். காலையில் வெயில் ஏறுமுன் நம் கோட்டை மேல் ஏறுவோம். பிறகு கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம், முடிந்தால் மல்லசந்திரம் கல்திட்டைகள். வழியில் நடுகல் ஏதாவது தென்பட்டால் இறங்கிப் பார்ப்போம். வேன் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கணக்கு நானே எழுதுகிறேன். வர விருப்பமுள்ளவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.